வேடிக்கைச் சொற்களின் வேதனை வரலாறு

மழை ஒன்றே, அதைக் காணும் கண்களோ பல. பெய்கிறதா இல்லையா என்று ஐயுறும்படி நுண்ணியதாய் விழும் தூறலை ஸ்காட்லாந்து மக்கள் ‘ஸ்மர்’ என்றனர். கிழக்குக் கடலிலிருந்து கரையேறி ஊரை மூடும் குளிர்ந்த பனிமூட்டம் ‘ஹார்’ எனப்பட்டது. நாளெல்லாம் மூடிக்கிடந்து மனத்தைச் சோர்வுறச் செய்யும் வானிலைக்கு ‘ட்ரீக்’ என்று பெயர். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர் 2015-ஆம் ஆண்டில் ஸ்காட்ஸ் மொழிச் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தபோது, பனி பற்றி மட்டும் 421 சொற்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்றான ‘ஃபீஃபிள்’, மூலை முடுக்கில் சுழன்றடிக்கும் பனியைக் குறிக்கும்.

மனித இயல்பைக் காட்டும் சொற்களும் அங்கே உண்டு. எதிரே வருபவர் யாரென நினைவுக்கு வராமல் தயங்கும் தடுமாற்றம் ‘டார்ட்டில்’. எவர் சொல்லுக்கும் வளையாத பிடிவாதம் ‘த்ரான்’. அருவருப்போடு கலந்த வெறுப்பு ‘ஸ்கன்னர்’. துன்பத்தைப் பொறுமையோடு தாங்கிக்கொள்வது ‘தோல்’. இத்தகைய சொற்களைப் பட்டியலிட்டு, ‘எத்துணைச் சுவையானவை!’ என்று பலரும் வியக்கின்றனர். நாமும் வியக்கலாம். ஆனால் ஆட்சிக்கும் கல்விக்கும் இலக்கியத்துக்கும் உரியதாயிருந்த ஒரு மொழி, வானிலைக்கும் வசைக்கும் மட்டுமே ஏற்றதென எண்ணப்பட்டது எங்ஙனம் என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும்.

ஸ்காட்ஸ் என்பது கொச்சையான ஆங்கிலமன்று. பழைய ஆங்கிலத்தின் வடபுலக் கிளையிலிருந்து வளர்ந்த அது, ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பு. மலைநாட்டில் வழங்கிய கேலிக் மொழியோ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. வந்தவர் போனவர் எல்லாரிடமிருந்தும் ஸ்காட்ஸ் சொற்களைப் பெற்றுக்கொண்டது. குழந்தையைக் குறிக்கும் ‘பேர்ன்’ என்னும் சொல்லுக்கு ஸ்காண்டிநேவிய மொழிகளில் உறவுண்டு. 1295-ஆம் ஆண்டில் பிரான்சோடு செய்த உடன்படிக்கை நாளடைவில் சமையலறை வரை எட்டியது. பெரிய பரிமாறும் தட்டைக் குறிக்கும் ‘ஆஷெட்’ பிரெஞ்சுச் சொல்லின் திரிபே. ஊர்சுற்றித் திரிதலைக் குறிக்கும் ‘ஸ்ட்ரவேக்’ இலத்தீனிலிருந்து வந்தது.

நம் திரைப்பட இதழ்கள் ஓயாது எழுதும் ‘கிளாமர்’ என்னும் சொல்லும் ஸ்காட்ஸ் தந்த கொடையே. இலக்கணத்தைக் குறிக்கும் ‘கிராமர்’ என்பதன் திரிபு அது. எழுத்தறியாத மக்களுக்குப் புலமை மந்திரமாகத் தோன்றியது. எனவே இலக்கணம் மாயமாயிற்று. கண்ணைக் கட்டும் மாயம் பின்னர்க் கவர்ச்சியாயிற்று. வால்டர் ஸ்காட்டின் எழுத்துகள் வழியே அச்சொல் ஆங்கிலத்தில் பரவியது.

இம்மொழி ஒரு காலத்தில் அரசவையில் அமர்ந்திருந்தது. 15-ஆம் நூற்றாண்டில் நாடாளுமன்றச் சட்டங்கள் அதில் எழுதப்பட்டன. பின்னாளில் டங்கெல்டு மறைமாவட்டத்தின் ஆயரான கேவின் டக்ளஸ், வெர்ஜிலின் பெருங்காப்பியத்தை 1513-ஆம் ஆண்டில் ஸ்காட்ஸில் மொழிபெயர்த்து முடித்தார். இலத்தீன் காப்பியத்தின் கம்பீரத்தைத் தாங்கும் வலிமை தம் மக்களின் மொழிக்கு உண்டென அவர் நிறுவினார்.

வீழ்ச்சி படிப்படியாக வந்தது. 1560-இல் ஸ்காட்லாந்து சீர்திருத்த சபையைத் தழுவியபோது, மக்கள் கைக்கு வந்த விவிலியம் ஆங்கிலத்தில் இருந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மர்டாக் நிஸ்பெட் என்பவர் புதிய ஏற்பாட்டை ஸ்காட்ஸ் வடிவில் எழுதியிருந்தும், அது கையெழுத்துப் படியாகவே உறங்கியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அச்சேறியது. 1603-இல் அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணையையும் ஏற்று இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1707-இல் நாடாளுமன்றமும் இலண்டனுக்குச் சென்றது. மன்றாட்டுக்கு ஓர் மொழி, அடுப்பங்கரைக்கு ஓர் மொழி என்று மக்களின் நா பிளவுண்டது. மெய்யியல் அறிஞர் டேவிட் ஹியூம்கூட, எழுத்தில் தவிர்க்க வேண்டிய ஸ்காட்டிய வழக்குகளைப் பட்டியலிட்டு 1752-இல் வெளியிட்டார்.

அறிஞரின் நாணம் நாளடைவில் குழந்தையின் கண்ணீராயிற்று. 1872-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் எல்லாக் குழந்தைகளையும் பள்ளிக்கு அழைத்தது, அது நற்செயலே. ஆயினும் பயிற்றுமொழி ஆங்கிலம். தாயிடம் கற்ற சொல்லைத் தவறி உரைத்த பிள்ளையின் உள்ளங்கையில் தோல்வார் விழுந்ததுண்டு. அடிபட்டது கை மட்டுமன்று. தன் தாய் பேசுவதே பிழை என்னும் எண்ணம் பிஞ்சு உள்ளத்தில் ஊன்றப்பட்டது.

எனினும் காப்பாற்றியோர் இருந்தனர். போதகரான ஜான் ஜேமிசன் 1808-இல் ஸ்காட்ஸ் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டார். 1931-இல் தொடங்கிய தேசிய அகராதி, பத்துத் தொகுதிகளாக 1976-இல் நிறைவுற்றது. இவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது வில்லியம் லாரிமரின் உழைப்பு. செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராயிருந்த அவர், தம் இறுதி ஆண்டுகளைப் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து ஸ்காட்ஸில் பெயர்ப்பதிலேயே செலவிட்டார். 1967-இல் அவர் மறைந்தார். மகன் செப்பனிட்ட பெயர்ப்பு 1983-இல் வெளிவந்தது. அதன் பின்னிணைப்பில் மத்தேயு நற்செய்தியின் சோதனைப் பகுதிக்கு இன்னொரு வடிவம் உண்டு. அதில் இயேசு ஸ்காட்ஸ் பேசுகிறார். அலகை மட்டும் செம்மையான ஆங்கிலத்தில் பேசுகிறது! இது வெறும் நகைச்சுவையா? நூற்றாண்டுக் கணக்கில் இறைவார்த்தையை அயல்நாவில் கேட்ட ஒரு மக்களின் ஆற்றாமை அதில் ஒலிக்கவில்லையா?

2022-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஸ்காட்ஸ் பேச வல்லோம் என்று 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூறினர். 2025-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அம்மொழிக்கு அரசு ஏற்பு வழங்கியது. இழந்தவை அனைத்தும் சட்டத்தால் மீளா. ஆனால் தாங்கிப் பொறுத்தலுக்கெனத் தனிச்சொல் வைத்திருந்த மக்கள், தம் மொழிக்கு நேர்ந்த இழிவையும் தாங்கி, அதை வீட்டுத் திண்ணையில் பேசிப் பேசியே காத்தனர்.

ஒரு மொழியின் சொற்களை வேடிக்கை என்று சுவைப்பது எளிது. அச்சொற்களால் இறைவனோடு பேசவும், நீதி கேட்கவும், பிள்ளைக்குப் பாடம் சொல்லவும் இயலும் என்று ஏற்பதே அம்மொழிக்கும் அதைப் பேசும் மனிதருக்கும் நாம் செய்யும் மதிப்பு.