மூன்றாம் ஆள் யார்?

போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி புதுக் கார் எடுத்தார். பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கின கையோடு பாலிசிக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். "மாமா, நீங்க தாலுகா ஆபீஸ்ல இருந்தவரு. இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. ஃபுல் இன்சூரன்ஸ்னு சொல்லித்தான் பணம் வாங்கினாங்க" என்றார்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டுப் பக்கமும் படித்தேன். 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அது ஷோரூமில் மட்டும் புழங்கும் சொல்.

நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு மீடியம். பிரெஞ்சில் இன்சூரன்ஸ் பத்திரத்துக்கும் 'போலீஸ்' என்றுதான் பெயர். காவல்துறைக்கும் அதே சொல்தான். இங்கே வந்த புதிதில் யாராவது "பாலிசி" என்றால் என் மனதில் போலீஸ்தான் வந்து நிற்கும். நம் ஊரில் கட்டாயமாக எடுக்க வேண்டிய இன்சூரன்ஸை அவர்கள் 'ஓ தியேர்' என்பார்கள். தியேர் என்றால் மூன்றாமவர். ஆங்கிலத்தின் 'தேர்ட் பார்ட்டி'யும் இதுதான். வண்டிக்காரர் முதல் ஆள், கம்பெனி இரண்டாம் ஆள், ரோட்டில் அடிபடுகிறவர் மூன்றாம் ஆள். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்றாம் ஆள் யார் என்று தீர்மானிக்க நம் நாட்டுக்கு எழுபது வருஷத்துக்கு மேல் ஆனது.

இங்கிலாந்தில் 1930-இல் ரோடு டிராஃபிக் சட்டம் வந்தது. அதைப் பார்த்து நம் மோட்டார் வாகனச் சட்டம் 1939-இல் வந்தது. ஆனால் கட்டாய இன்சூரன்ஸைச் சொல்லும் எட்டாவது அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1-ஆம் தேதிதான். நடுவில் ஓர் உலகப் போரே முடிந்துவிட்டது. பிரான்ஸ் நமக்கும் பிந்தி, 1958-இல்தான் கட்டாயமாக்கியது. 1956-ஆம் வருஷத் திருத்தத்தில்தான் விபத்து இழப்பீட்டுக்கென்று தனித் தீர்ப்பாயம் அமைக்க வழி வந்தது. அதுவரை அடிபட்டவன் சிவில் கோர்ட்டில் ஸ்டாம்பு கட்டி வழக்குப் போட வேண்டும்.

இனி நான் நேரில் பார்த்தது. எங்கள் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். 2020-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. 1986 வாக்கில், அப்போது நாமெல்லாம் திருச்சி மாவட்டம், ஒரு சிற்பி கோயில் வாகனம் ஒன்றைச் செய்து முடித்து, லாரியில் ஏற்றி, கயிறு தளர்ந்துவிடக் கூடாதே என்று தானும் கூடவே போனார். லாரி கவிழ்ந்து அந்த இடத்திலேயே போய்விட்டார். அவர் மனைவி வாரிசு சான்றிதழுக்கு எங்கள் தாலுகா ஆபீசுக்கு வந்தார். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. ஃபைலைப் போட்டவன் நான்தான்.

லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் கம்பெனி சொன்ன பதில் இது: லாரி சரக்கு ஏற்றும் வண்டி, அதில் ஏறினவர் மூன்றாம் ஆள் அல்ல. அதே லாரி ரோட்டோரம் நடந்துபோன யாரோ ஒருவரை அடித்திருந்தால் அவர் மூன்றாம் ஆள். உள்ளே தன் வேலையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் யாருமே இல்லை! அந்தக் காலத்தில் இந்த விஷயத்தில் தீர்ப்புகள் இரண்டு விதமாகவும் வந்துகொண்டிருந்தன. இந்த அம்மாவுக்கு லாரிக்காரர்தான் தர வேண்டும் என்று ஆனது. அவருக்கு இருந்தது அந்த ஒரே லாரி, அதுவும் கடனில். கொஞ்சம் கொஞ்சமாகத் தந்தார், பிறகு நின்றுபோனது. சான்றிதழில் கையெழுத்து வாங்க அந்த அம்மாவை மூன்று முறை அலைய விட்டோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1989 ஜூலை 1 முதல் புதுச் சட்டம், 1988-ஆம் வருஷத்தியது, அமலானது. 1994 நவம்பரில் அதைத் திருத்தி, சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பும் ஆளோ சரக்கு வண்டியில் போனால் அவருக்கும் காப்பு உண்டு என்று எழுதினார்கள். எட்டு வருஷம் முந்தி எழுதியிருக்கலாம். ஆனால் சரக்குக்குச் சொந்தக்காரர் மட்டும்தான். மினி லாரியில் கல்யாணத்துக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் போகிற கூட்டத்துக்குக் கிடையாது. 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. இன்றும் நம் பக்கம் டாடா ஏஸில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

அரசு பஸ் கதை வேறு. தனி நிதி வைத்துக்கொண்டால் போதும், அரசுப் போக்குவரத்துக் கழகம் பாலிசி எடுக்க வேண்டாம் என்று சட்டத்தில் விலக்கு உண்டு. அந்த நிதியிலிருந்து பணம் வராதபோதுதான் கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ்ஸை ஜப்தி செய்கிறார், பேப்பரில் படமும் வருகிறது.

காருக்கு வருவோம். காருக்குள் உட்கார்ந்திருப்பவர் மூன்றாம் ஆளா? வாடகை வாங்காத சொந்தக் காரென்றால், சட்டப்படியான குறைந்தபட்ச பாலிசி அவரைக் காக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1977-இலேயே சொல்லிவிட்டது. அந்தக் குறைந்தபட்ச பாலிசிக்குத்தான் 'ஆக்ட் பாலிசி' என்று பெயர். வண்டிச் சேதத்தையும் சேர்த்து எடுப்பது 'பேக்கேஜ் பாலிசி'. பழைய பெயர் காம்ப்ரிஹென்சிவ். பேக்கேஜ் என்றால் காரில் இருப்பவர்களுக்கும், டூ வீலரில் பின்னால் இருப்பவருக்கும் உண்டு என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் சுற்றறிக்கையே விட்டது.

இந்த வித்தியாசம் தெரியாததால் நம் மாநிலத்தில் எவ்வளவு பெரிய குழப்பம் வந்தது தெரியுமா? ஈரோடு மாவட்டத்து விபத்து ஒன்றில் காரில் இருந்தவர் இறந்தார். இருந்தது ஆக்ட் பாலிசி. அந்த வழக்கில் 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், செப்டம்பர் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கெல்லாம் ஐந்து வருஷத்துக்கு 'பம்பர் டு பம்பர்' இன்சூரன்ஸ் கட்டாயம், ஓட்டுநர், பயணிகள், சொந்தக்காரர் எல்லாரும் அதில் அடங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் அகராதியில் பம்பர் டு பம்பர் என்றால் உதிரிபாகத்துக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தருவது. ஆளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வண்டி விற்பவர்கள் அலறினார்கள். உத்தரவு முதலில் தள்ளிவைக்கப்பட்டு, அதே செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. உயர் நீதிமன்றம் வரை போய்வந்த சொல் என்றால், எதிர்வீட்டுத் தம்பி தடுமாறியதில் என்ன தப்பு?

மற்றச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.டி.வி. என்பது கம்பெனி உங்கள் வண்டிக்குப் போடும் விலை. எட்டு லட்சம் கார், இரண்டு வருஷம் தாண்டி மூன்றுக்குள் என்றால் 30 சதவீதம் கழித்து 5,60,000. ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி மொத்த நஷ்டமாகக் கணக்காகும். பிரீமியம் குறைய வேண்டுமென்று சிலர் ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடுவார்கள். வண்டி திருடு போனால்தான் அதன் வலி தெரியும். நோ கிளெய்ம் போனஸ் 20-இல் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும். அது வண்டியோடு போகாது, ஆளோடு போகும். என் பழைய காரை விற்றபோது இது தெரியாமல் விட்டுவிட்டேன், ஏஜெண்டும் வாயைத் திறக்கவில்லை. கிளெய்மில் நம் கையிலிருந்து போகிற முதல் தொகை 'டிடக்டிபிள்'. பிரெஞ்சில் அதற்கு 'ஃப்ரான்ஷீஸ்' என்று பெயர்.

ஓட்டுகிற சொந்தக்காரருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பு 2018-இல் வந்தது. அதற்கு முன் காருக்கு 2 லட்சம், டூ வீலருக்கு 1 லட்சம்தான். அதே 2018-இல், கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் போட்ட பொதுநல வழக்கில், புதுக் காருக்கு 3 வருஷம், டூ வீலருக்கு 5 வருஷம் தேர்ட் பார்ட்டி சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஆனது.

1988 சட்டத்தில் மூன்றாம் ஆளுக்கு விளக்கம் தேடினால் 'அரசாங்கமும் அடங்கும்' என்று மட்டும்தான் இருந்தது. அரசாங்க குமாஸ்தாவான எனக்கு அதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். 2019 திருத்தத்தில்தான், போக்குவரத்து வண்டியின் ஓட்டுநரையும் கூட வேலை பார்ப்பவரையும் அதில் சேர்த்தார்கள். அது அமலானது 2022 ஏப்ரல் 1-இல். லாரி கிளீனர் அன்றைக்குத்தான் மூன்றாம் ஆள் ஆனார்.

தம்பியின் பாலிசி பேக்கேஜ்தான். அவர் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். "தூரமாப் போகணும்னா ஆக்டிங் டிரைவர்தான் மாமா ஓட்டுவான்" என்றார். சம்பள டிரைவருக்கென்று 50 ரூபாய்க்கு ஒரு வரி தனியாக வரும், அது இருக்கிறதா என்று திரும்பப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன்.