அக்பர் பாதுஷாவும் மூணு விதக் கூடாரமும்

ஞாயித்துக்கிழமை மத்தியானம், வத்தக்குழம்பு சாதத்தை ஒரு பிடி பிடிச்சிட்டு சோபாவில் சாயற நேரம் பார்த்து லீட்ஸிலிருந்து போன். பழைய ரூம்மேட். கோயமுத்தூர்க்காரன். பத்து வருஷம் முன்னாடி நொய்டாவில் என் பக்கத்து ஃப்ளாட்டில் இருந்தவன், இப்போ இங்கிலாந்துவாசி.

"மச்சி, சம்மருக்கு ஊர் சுத்தலாம்னு இருக்கோம். ட்ரெய்லர் டென்ட் வாங்கறதா, ஃபோல்டிங் கேம்பர் வாங்கறதா, கேரவனே வாங்கிடறதான்னு வீட்ல பெரிய பட்டிமன்றம். நீதான் சரித்திரம் பூகோளம்னு படிக்கிறவனாச்சே, சொல்லு."

சரித்திரம் படிக்கிறவனுக்கும் கேரவனுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியலை. என் பொண்ணுக்குக் கேரவன்னா ஷூட்டிங்கில் ஹீரோ ஏசி போட்டு உக்கார்ற வண்டி, அவ்வளவுதான். அவன்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ட்ரெய்லர் டென்ட்னா காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற சின்னப் பெட்டி. போன இடத்தில் திறந்து கித்தான் துணியை இழுத்துக் கம்பி நட்டு, முளை அடிச்சுக் கூடாரமாக்கணும். ஃபோல்டிங் கேம்பர் அதுக்கு அண்ணன். மூடியை ரெண்டு பக்கமும் விரிச்சா அதுவே கட்டிலாயிடும், தரை, அடுப்பு, அலமாரி எல்லாம் பெட்டிக்குள்ளேயே. கேரவன்னா வீடேதான், சக்கரம் வெச்சது. இவன் பிரச்னை என்னன்னா கார் சின்னது, முதுகுவலி பெரிசு. போதாக்குறைக்கு ஊர்லேர்ந்து அம்மா ஆறு மாசம் வந்து இருக்கப் போறாங்க. அவங்களுக்கு முட்டி வலி, தரையில் உக்காந்து எழுந்திருக்க முடியாது.

"யோசிச்சு சொல்றேண்டா"ன்னு வெச்சிட்டேன். அப்புறம்தான் பொறி தட்டுச்சு. இதே மூணு கேள்விக்கும் நானூறு வருஷம் முன்னாடியே ஒருத்தர் பதில் சொல்லிட்டார். நான் இப்போ குப்பை கொட்டுற இடத்திலேர்ந்து நாலு மணி நேர டிரைவில் இருக்கிற ஃபதேபூர் சிக்ரியைக் கட்டினவர்.

அபுல் ஃபசல் எழுதின 'அயினி அக்பரி'யில், பாதுஷா வெளியூர் போறப்ப எங்கே தங்குவார், எதில் தங்குவார்னு தனித்தனி அத்தியாயமே இருக்கு. பிளாக்மன் 1873இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்தேன்.

முதல்ல கூடாரம். 'பார்கா'ன்னு ஒண்ணு, தர்பார் நடத்த. பெரிசா இருந்தா பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ளே கொள்ளும். ஆயிரம் ஃபராஷ்கள், அதாவது கூடாரம் போடற ஆட்கள், பொறிகளோட உதவியோட ஒரு வாரம் வேலை செஞ்சாத்தான் அது நிக்கும். வெல்வெட், சரிகைன்னு எந்த அலங்காரமும் இல்லாம வெறும் கூடாரத்துக்கே பத்தாயிரம் ரூபாய்க்கு மேலாம். அந்தக் காலத்து ரூபாய், மக்களே!

ரெண்டாவது மடக்கறது. 'சோபீன் ராவட்டி'ன்னு மர வீடு. சோப்னா பாரசீகத்தில் மரம். பத்துத் தூண், மேலே விட்டம், வரிச்சு, எல்லாத்தையும் ஆணியும் திருகும் போட்டு முடுக்குவாங்க. சுவரும் கூரையும் பாய். உள்பக்கம் ஜரிகைத் துணி, வெளிப்பக்கம் சிவப்புத் துணி, பட்டு நாடாவால் கட்டினது. கழட்டி அடுக்கி அடுத்த ஊர்ல மறுபடி மாட்டிக்கலாம். இந்த வளாகத்தைச் சுத்தி 'குலால்பார்'னு ஒரு மரத் தட்டி மதில் வேற. தோல் வாரால் பிணைச்சது, கிளம்பறப்ப மடக்கிடலாம். ஆனா அதோட கதவுக்குப் பூட்டு சாவி உண்டு. எனக்கு இதைப் படிச்சதும் லீட்ஸ்காரனோட ஃபோல்டிங் கேம்பர்தான் கண் முன்னாடி வந்தது.

மூணாவதுதான் ஆச்சரியம். சக்கரம்! அக்பரே யோசிச்சு செய்ய வெச்ச வண்டின்னு அபுல் ஃபசல் சொல்றார். ஒரே ஒரு யானை இழுக்கிற பெரிய வண்டி, உள்ளே பல குளியல் அறைகள். வெந்நீர்க் குளியல் போட்டுக்கிட்டே ஊர் போகலாம். மாடு பூட்டினாலும் சுலபமா இழுக்குமாம். கேரவன் இல்லாம வேற என்ன இது?

ஆக மூணுமே கையில் இருந்தது. எதைத் தேர்ந்தெடுத்தார்? மூணையும்தான்! ஆனா ஒவ்வொண்ணையும் வேற வேற வேலைக்கு. ஊர் கூடற தர்பாருக்குத் துணிக் கூடாரம். குடும்பத்துக்கு மடக்கு வீடு: அந்தப்புரப் பெண்களுக்கு இருபத்திநாலு சோபீன் ராவட்டி, ஒவ்வொண்ணும் பத்து கஜ நீளம் ஆறு கஜ அகலம்னு அளவோட எழுதியிருக்கார். இப்போ தில்லியில் நாம வாடகைக்கு இருக்கிற சில ஃப்ளாட்டை விட அது பெரிசுன்னு தங்கமணி அபிப்பிராயம். சக்கர வண்டி குளியலோட நின்னுடுச்சு. குடித்தனம் அதில் ஏறலை.

ஏன் ஏறலை? அபுல் ஃபசல் காரணம் சொல்லலை, நான் ஊகிக்கிறது ரோடுதான். இதுக்கு அவருக்கு எழுபது எண்பது வருஷம் அப்புறம் வந்த ஃபிரெஞ்சு டாக்டர் பெர்னியரோட சாட்சி உதவுது. 1664 டிசம்பரில் ஔரங்கசீப் தில்லியிலேர்ந்து காஷ்மீருக்குக் கிளம்பினப்ப பெர்னியரும் கூடப் போனார். படையில் ரெண்டு வகை பீரங்கி. கனமானது எழுபது, சிலதுக்கு இருபது ஜோடி மாடு வேணும். பாதுஷா வேட்டைக்காக ராஜபாட்டையை விட்டு விலகினா இந்தக் கனரகம் கூடப் போக முடியாது. குறுகலான கணவாயிலும் படகுகளைக் கோர்த்த பாலத்திலும் திண்டாட்டம். ரெண்டு குதிரை இழுக்கிற சின்ன பீரங்கிதான் கடைசி வரைக்கும் கூடவே ஓடியிருக்கு. பீரங்கிக்கே இந்தக் கதின்னா வீட்டை எங்கே இழுக்கிறது.

அதனால பாரத்தைச் சக்கரத்திலேர்ந்து இறக்கி, முதுகுகளில் ஏத்தினாங்க. அபுல் ஃபசல் கொடுக்கிற கணக்கு இது: 100 யானை, 500 ஒட்டகம், 400 வண்டி, 100 சுமைகூலிகள். காவலுக்கு 500 குதிரைவீரர். இதைத் தவிர ஆயிரம் ஃபராஷ், ஐந்நூறு பாதை வெட்டறவங்க, நூறு தண்ணிக்காரங்க, ஐம்பது தச்சர், நூத்தைம்பது துப்புரவாளர். இதுல வேடிக்கை என்ன தெரியுமா? பெரிய முகாமை வர்ணிக்கிறது கஷ்டம், அதனால வேட்டைக்கும் பக்கத்து ஊர்ப் பயணத்துக்கும் ஆகிற பட்டியலை மட்டும் சொல்றேன்னுதான் ஆரம்பிக்கிறார். அதாவது இது வீக்எண்ட் ட்ரிப் லிஸ்ட்!

கூடாரத்தோட பெரிய குறை, போய்ச் சேர்ந்த அப்புறம் கட்டணும்கிறது. அதுக்கு மொகலாயர் கண்டுபிடிச்ச வழி: ரெண்டு செட். பாதுஷா ஒண்ணில் தூங்கறப்ப இன்னொண்ணு ஒரு நாள் முந்திப் போய் அடுத்த ஊரில் தயாரா நிக்கும். முந்திப் போறதால் அதுக்கு 'பேஷ்கானா'ன்னு பேர். ஒரு செட்டுக்கு மட்டும் அறுபது யானைக்கு மேல், இருநூறு ஒட்டகம், நூறு கோவேறு கழுதை, நூறு கூலிகள்னு பெர்னியர் எழுதறார். பாதுஷா ஒரு நாள் கூட முளை அடிக்கிறதைக் காத்துக்கிட்டு நின்னதில்லை.

இத்தனையும் இருந்தும், உண்மையான அவசரம்னு வந்தப்ப அக்பர் மூணையும் தொடலை. 1573இல் குஜராத்தில் கலகம்னு சேதி வந்ததும் வேக ஒட்டகத்திலும் குதிரையிலும் சின்னப் படையோட கிளம்பி, சிக்ரியிலேர்ந்து அகமதாபாத்துக்குப் பத்துப் பதினோரு நாளில் போய் நின்னார்.

பாதுஷா கதை இருக்கட்டும். எனக்கு இதில் ரொம்ப நெருக்கமான ஆள் பெர்னியர்தான். அவர் நம்ம ஜாதி: வெளியூர்லேர்ந்து வந்து தானிஷ்மந்த் கான்கிற பிரபுகிட்ட சம்பளத்துக்கு இருந்தவர். ஆயிரம் ஃபராஷுக்கு அவர் எங்கே போவார்? அவர் எடுத்துக்கிட்டது ஒரு நடுத்தரக் கூடாரம், ஒரு கம்பளம், உறுதியான ஆனா லேசான நாலு மூங்கில் கழியால் ஆன மடக்குக் கட்டில், தலையணை, ரெண்டு போர்வை. ஒரு ஒட்டகம், ஒட்டகக்காரன், சமையல்காரன், அப்புறம் தண்ணிக் குடுவையோட ஒரு வேலையாள்.

சென்னை, புனே, நாக்பூர், தில்லின்னு நாலு மாத்தலில் நாங்க கூடவே கொண்டு வந்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு மடக்குக் கட்டில், ரெண்டு ஜமக்காளம். வெட் கிரைண்டர் மட்டும் எக்ஸ்ட்ரா. நாக்பூர்லேர்ந்து வரப்ப மூவர்ஸ்காரங்க அதோட கல்லை உடைச்சுட்டாங்க, தங்கமணி ரெண்டு நாள் சரியா சாப்பிடலை. பெர்னியருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் கவலை வேற. சாயந்திரம் ஆச்சுன்னா எரு, பச்சை விறகு எல்லாம் எரிஞ்சு முகாமே புகைமண்டலம். லட்சக்கணக்கான ஜனத்தில் தன் கூடாரம் எங்கேன்னு தெரியாது. அப்ப அவருக்கு வழிகாட்டினது பாதுஷா வாசலில் நட்ட விளக்கு மரம். 'ஆகாஸ் தியா'ன்னு பேர், நம்ம ஆகாச தீபமேதான். அக்பர் காலத்து விளக்கு மரம் நாப்பது கஜ உயரம், பதினாறு கயிறு இழுத்துக் கட்டினதுன்னு அபுல் ஃபசல் குறிச்சிருக்கார். புது ஊருக்கு மாத்தலாகிப் போன முதல் வாரம், ஆட்டோக்காரர்கிட்ட வீட்டு அடையாளம் சொல்லத் தெரியாம தண்ணி டேங்கைக் கை காட்டின அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

அப்புறம் முகாம் பெருத்துக்கிட்டே போச்சு. 1681இல் தக்காணத்துக்குப் போன ஔரங்கசீப் 1707இல் சாகிற வரைக்கும் வடக்கே திரும்பவே இல்லை. கிருஷ்ணா நதிக்கரையில் கல்கலாவில் 1695இல் அவர் முகாமைப் பார்த்த இத்தாலிக்காரர் கரேரி, சுற்றளவு முப்பது மைல்னு எழுதினார். நம்ம செஞ்சிக் கோட்டையைச் சுத்தியும் இந்தப் படையோட ஒரு பகுதி 1690லேர்ந்து 1698 வரைக்கும் உக்காந்திருந்தது. எட்டு வருஷம்! அதுக்கு மேல் அதைக் கூடாரம்னு எப்படிச் சொல்றது.

இனி லீட்ஸ்காரன் ஊருக்கு வருவோம். கேரவன்கிறது 'கார்வான்'கிற பாரசீகச் சொல். சேர்ந்து போற வணிகக் கூட்டம்னு பொருள். இங்கிலீஷில் போய் அது வண்டியைக் குறிக்க ஆரம்பிச்சுடுச்சு. உல்லாசத்துக்குன்னே செஞ்ச முதல் கேரவன்னு அங்கே கொண்டாடற 'வாண்டரர்' 1885இல் உருவானது. சொந்தக்காரர் கார்டன் ஸ்டேபிள்ஸ், ஓய்வு பெற்ற கடற்படை டாக்டர், சிறுவர் கதை எழுதறவர். வண்டி ஏறக்குறைய ரெண்டு டன், ரெண்டு குதிரை. எதிரே வர்றவங்களை எச்சரிக்க வேலையாள் ஒருத்தர் மூணு சக்கர சைக்கிளில் முன்னாடி போவார். ஸ்காட்லாந்தில் இன்வெர்னெஸ் வரைக்கும் அப்படியே போயிட்டு வந்தார். நம்ம ஊரில் இல்லாத ஒண்ணு அங்கே அவருக்குக் கிடைச்சது: கெட்டியான ரோடு.

1919இல் எக்கிள்ஸ் கம்பெனி காருக்குப் பின்னாடி மாட்டற கேரவனைச் செஞ்சு விக்க ஆரம்பிச்சது. 1949இல் சாம் ஆல்பர் 'ஸ்ப்ரைட்'டை 200 பவுண்டுக்கும் குறைவா கொடுத்ததும் சாதாரணக் குடும்பமும் வாங்கிச்சு. வேலையாள் வெச்சுக்கறது கட்டுப்படியாகாத காலம் அது. முளை அடிக்க ஆளில்லை, அதனால வீட்டையே இழுத்தாங்க. இழுக்க முடியாத சின்ன கார் வெச்சிருந்தவங்க ட்ரெய்லர் டென்டுக்கும் மடக்கு வகைக்கும் வந்து நின்னாங்க.

ராத்திரி லீட்ஸுக்கு போன் போட்டேன். "டேய், எத்தனை பேர் தூங்கலாம்னு கேட்டலாக் பார்க்காதே. ரெண்டே கேள்வி. யார் இழுக்கிறது, யார் கட்டறது? உன் கார் கேரவனை இழுக்காது. உன் முதுகு முளை அடிக்காது. அம்மா தரையில் படுக்க மாட்டாங்க. பாதுஷா தன் வீட்டுப் பெண்களை எதில் தங்க வெச்சாரோ அதையே வாங்கு."

"எதுல வெச்சார்?"

"மடக்கு வீடு."

கொஞ்சம் யோசிச்சிட்டு, "அம்மாகிட்ட இப்படியே சொன்னா என்னை அந்தப்புரத்துல சேத்துட்டியான்னு அடிக்க வருவாங்கடா"ன்னான். ஆனா அடுத்த வாரமே செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோல்டிங் கேம்பர் பார்த்துட்டு, கட்டில் உயரத்தை டேப் வெச்சு அளந்து போட்டோ அனுப்பினான்.

போன டிசம்பர் லீவில் நாங்க ஜோத்பூர் போனோம். மெஹ்ரான்கட் கோட்டையில் 'லால் டேரா'ன்னு பதினேழாம் நூத்தாண்டு மொகலாயக் கூடாரம் இருக்கு. சிவப்புப் பட்டு வெல்வெட்டில் தங்க வேலை, இன்னிக்கும் நிறம் போகலை. தங்கமணி துணியைப் பார்த்தா, நான் கயிறு கோக்கிற இடத்தைப் பார்த்தேன். பொண்ணு மட்டும் காவலுக்கு நின்னவரைக் கூப்பிட்டு, "பையா, இதை மடிக்க எத்தனை பேர் வேணும்?"னு ஹிந்தியில் கேட்டா. அவர் கூடாரத்தை மேலேயும் கீழேயும் ஒரு தரம் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சு யாரும் மடிச்சதில்லை, பேட்டி"ன்னார்.