மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்கள்

ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுவர். அரசாங்கப் பதிவேடுகளைப் புரட்டுவர். இலங்கையின் மலைநாட்டிலே குடியேறிய தமிழ்த் தொழிலாளர் கல்வெட்டேதும் பொறித்து வைத்தவரல்லர். தோட்டத்துப் பதிவேடுகளிலே அவர்கள் பெயரும் கூலிக்கணக்குமாகவே காணப்படுகின்றனர். தங்களைப் பற்றித் தாங்களே அவர்கள் கூறியவற்றைக் கேட்க விரும்புவோர் அவர்தம் பாடல்களையே நாடவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1867 ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, தேயிலை மலையெங்கும் பரவிற்று. பயிர் மாறியபோதும் லயத்து வாழ்க்கை மாறவில்லை. வந்த வழியின் துயரம், கங்காணியிடம் பட்ட கடன், நிறுவையிலே கழிபட்ட கொழுந்து ஆகிய அனைத்தும் பாட்டாயின. நேரிற் சொல்ல அஞ்சியதைத் தெம்மாங்கிலும் கும்மியிலும் நையாண்டியாகச் சொன்னார்கள். இறந்தவரை நினைந்தழும் ஒப்பாரியிலே, பிரிந்து வந்த ஊரையும் நினைந்தழுதார்கள்.

பாட்டோடு இணைந்தது தப்பு. விடியலிலே பிரட்டுக்கு ஆளழைத்ததும் அதுவே. கோயில் திருவிழாவிலும் சாவீட்டிலும் ஒலித்ததும் அதுவே. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அடியுண்டு. மாசி மாதத்திலே கம்பம் நட்டுத் தொடங்கும் காமன் கூத்தில், சிவபெருமான் மன்மதனை எரித்த கதையும் இரதியின் புலம்பலும் தப்பொலியோடு நிகழ்கின்றன. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் இவ்வாறே ஆடப்பட்டு வந்துள்ளன.

இப்பாடல்களின் ஆற்றலைத் தொழிற்சங்க முன்னோடிகளும் உணர்ந்திருந்தனர். கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிலே தாமே பாடித் தொழிலாளரை விழிப்பூட்டினார். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாக வழங்கிய பாடல்களைத் தேடித் தொகுத்தார்.

ஆயினும் இம்மரபு பெரும் இழப்புகளைக் கண்டது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இல் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பிரிந்தன; முன்னே பாடுபவர் ஒரு கரையிலும் பின்னே பாடுபவர் மறுகரையிலும் ஆயினர். இன்னொரு காரணம் நம்மிடையே உள்ளது. தப்படிப்போரைச் சாதியின் பேரால் தாழ்த்தியமையால், தந்தை தொட்ட கருவியை மைந்தன் தொட நாணுகின்றான். கருவியைப் புகழ்ந்துகொண்டே அதனை வாசிப்பவனை வாசலில் நிறுத்திவைக்கும் சமூகம், அக்கலையைக் காக்க முடியாது.

அச்சும் ஒலிப்பதிவும் பாடலின் சொல்லையும் இசையையும் காத்துத் தரும், அது நற்பணியே. ஆனால் பாடுதற்குரிய வேளையையும், கூடப் பாடும் கூட்டத்தையும் அவை தரமாட்டா. காமன் கூத்து இன்றும் சில தோட்டங்களிலே நிலைத்திருப்பது, அது நேர்த்தியாகவும் ஊர்க் கடமையாகவும் கொள்ளப்படுவதனாலேயாம். ஆகவே, மாணவர் தம் பாட்டிமாரிடம் கேட்டு, தோட்டத்தின் பெயரோடும் பாடிய சந்தர்ப்பத்தோடும் பாடல்களை எழுதிவைத்தல் வேண்டும். தப்புக் கலைஞரை ஆசானாக மதித்துப் பாடசாலைக்கு அழைத்தல் வேண்டும். எக்குலத்துப் பிள்ளையாயினும், ஆணாயினும் பெண்ணாயினும், அவரிடம் பயில இடமிருத்தல் வேண்டும்.

மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தமை 2023 இல் நினைவுகூரப்பட்டது. அந்த இருநூறு ஆண்டுகளைத் தம் நினைவிலே சுமந்திருக்கும் முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் பாடுதற்கு ஆயத்தமாயிருக்கின்றனர். அருகமர்ந்து கற்றுக்கொள்ளும் பொறுப்பு இளையோருடையது.