வெண்ணெய்ச் சாவடி, அமிர்த மகால், காவல்: மைசூரின் மேய்ச்சல் நிலங்களைப் பற்றிச் சில குறிப்புகள்

விலங்குகளைக் கொட்டிலில் அடைக்காமல், புல்வெளியில் உலவவிட்டு வளர்க்கும் முறை இன்று பெரும்பாலும் மேலைநாட்டுச் சிறுபண்ணைகளின் கோழி, பன்றி வளர்ப்போடு சேர்த்தே பேசப்படுகிறது. கருணையின் பெயரால் பரிந்துரைக்கவும் படுகிறது. மைசூர் அரசு இம்முறையை மாடுகளுக்காக ஒரு தனித் துறையாகவே நடத்தியது. அதை நிலைநிறுத்தியது கருணையன்று. முதலில் அரண்மனையின் வெண்ணெய்த் தேவை, பிறகு பீரங்கி.

ஸ்ரீரங்கப்பட்டினத்தில் விஜயநகரப் பிரதிநிதிகள் வைத்திருந்த மந்தையே இதன் தொடக்கம் என்பது மரபுவழிச் செய்தி. அம்மந்தை உடையார்களின் கைக்கு வந்தது. சிக்கதேவராஜ உடையார் (1672–1704) காலத்தில் அது விரிவுபெற்று, ‘பெண்ணெ சாவடி’ என்னும் பெயருடன் அரசுத் துறையாயிற்று. கன்னடப் ‘பெண்ணெ’ நம் வெண்ணெயே. மந்தைகளுக்கென நாடெங்கும் ஒதுக்கப்பட்ட புல்நிலங்கள் ‘காவல்’ எனப்பட்டன. அச்சொல்லுக்கும் மொழிபெயர்ப்புத் தேவையில்லை: உழவுக்கு விடாமல் காக்கப்பட்ட நிலம் காவல்.

ஹைதர் அலி பாளையக்காரர்களை ஒடுக்கியபோது நிலத்தோடு மாடுகளையும் கைப்பற்றினார். ஹள்ளிகார், ஹாகலவாடி, சித்ரதுர்கா என்னும் மூவகை மாடுகள் ஒரே மந்தையமைப்பில் சேர்ந்தன. திப்பு சுல்தான் துறைக்கு ‘அமிர்த மகால்’ என்று பெயரிட்டு, விதிமுறைகளையும் வகுத்தார். பெயரில் அமிர்தம் இருந்தாலும் பால் இரண்டாமிடத்துக்குப் போய்விட்டது. இழுவை எருதே இலக்கு ஆனது. பாதிக் காட்டுத்தன்மையுடன் திரிந்த பசுக்களின் பால் பெரிதும் கன்றுகளுக்கே சென்றது. வெண்ணெய்க்காகத் தொடங்கிய துறையில் வெண்ணெய் அருகிப்போனது விந்தைதான்; ஆனால் அதன் தருக்கம் எளிது. பால் குறையாமல் குடித்த கன்றுதான் பின்னாளில் பீரங்கியை இழுக்கும்.

காவல்களின் இயக்கமே இவ்வரலாற்றின் செறிவான பகுதி. அவை கோடைக் காவல், மழைக்காலக் காவல், குளிர்காலக் காவல் எனப் பிரிக்கப்பட்டிருந்தன. கோடைக்குரியவை மரநிழலும் ஏரிப்படுகையும் வாய்ந்தவை. நீர் வற்ற வற்றப் படுகையில் புல் தளிர்க்கும். மழை பெய்ததும் மந்தை வேறிடம் பெயரும். அது நீங்கிய நிலத்தில் புல் வளர்ந்து, விதை முற்றி உதிர இடைவெளி கிடைக்கும். சுழற்சி மேய்ச்சல் என்று இன்றைய வேளாண் நூல்கள் விளக்குவதை மந்தையோட்டிகள் கால் நடையாகவே அறிந்திருந்தனர். காளைக் கன்றுகளுக்கு மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் காயடிக்கப்பட்டது. ஏழு வயதில் எருது முழுவலிமை அடையும், பன்னிரண்டுக்குப்பின் தளரும். புல்வெளியின் விடுதலையும் காயடிப்பும் நுகத்தடியும் ஒரே விலங்கின் வாழ்வில் அடுத்தடுத்து வந்தன என்பதை மறந்து இம்முறையைப் பொற்காலமாக வரைவது தகாது.

பி. எல். ரைஸ் தொகுத்த மைசூர் கெசட்டியர், சிதம்பரத்தைக் காக்க ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் கடந்ததற்கு இம்மாடுகளே காரணம் என்கிறது. தோற்ற படையின் வியப்பு இத்தகைய எண்களில் கலந்திருக்கக் கூடும். ஆயினும் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் கம்பெனியார் இம்மந்தையின்மேல் காட்டிய அக்கறை பொய்யன்று. மைசூர் அரசின் பொறுப்பில் நலிந்த மந்தையை 1813-இல் சென்னை இராணுவத்தின் தளவாடத் துறை ஏற்றது. 1860-இல் சிக்கனம் கருதி மந்தை கலைத்து விற்கப்பட்டது. எருதுகளின் விலையும் தட்டுப்பாடும் தவற்றை உணர்த்தவே, 1866-இல் மீண்டும் தொடங்கினார்கள். பல தலைமுறைத் தெரிவில் உருவான ஒன்றைக் கணக்குப் புத்தகத்தின் ஒரு வரியில் அழித்துவிட்டு, ஆறாண்டுகளில் திரும்பத் தேடிய கதை இது.

கொங்கு நாட்டை இதனோடு ஒப்பிடலாம். அங்குக் காங்கயம் மாட்டினம் அரசுக் காவலில் வளரவில்லை. உழவரின் கொறங்காட்டில் வளர்ந்தது. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், இவையே கொறங்காடு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அவ்வினத்தைத் தெரிந்து பேணியது. மைசூரில் மேய்ச்சல் நிலத்தின் காவலன் அரசு, காங்கயத்தில் நிலவுடைமையாளன். அரசின் தேவை தீர்ந்ததும் எந்த நிலம் ஆளற்றுப்போகும் என்பது இவ்வேறுபாட்டிலேயே அடங்கியிருந்தது. (புறக்கடைக் கோழியும் ஊர்ப்பன்றியும் இரண்டு வரலாறுகளிலும் தலைகாட்டுவது அரிது. படைக்கு உதவாத, பெரும்பாலும் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் வளர்த்த உயிர்களுக்கு ஆவணக் காப்பகத்தில் இடம் குறைவு.)

லாரியும் டிராக்டரும் வந்தபின் எருதின் தேவை சுருங்கியது. சிக்கமகளூரு மாவட்டத்து அஜ்ஜம்புராவில் இனப்பெருக்க நிலையம் தொடர்கிறது. காவல்கள் மட்டும் ஒவ்வொன்றாய் வேறு பயன்களுக்குப் போயின. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரே வட்டத்தில் ஏறத்தாழ 10,000 ஏக்கர் அமிர்த மகால் காவல் நிலம் பாதுகாப்பு, அணுசக்தி, விண்வெளி ஆய்வு நிறுவனங்களுக்கும் இந்திய அறிவியல் கழகத்துக்கும் ஒதுக்கப்பட்டது. ‘பயனற்ற நிலம்’ என்னும் பார்வை அவ்வொதுக்கீட்டின் பின்னணியில் இருந்தது. அந்நிலத்தில் வெளிமான்கள் திரிந்தன. சுற்றியுள்ள ஊர்களின் ஆடுகள் மேய்ந்தன. அவற்றின் மயிரைக் கொண்டு கம்பளி நெய்வோர் பிழைத்தனர். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுவரை சென்றது. அரசு தன் எருதுகளுக்காக நிலத்தைக் காத்தபோது ஊரார்க்கு அங்கு இருந்தது பட்டாவில் எழுதப்படாத வழக்காற்று உரிமை மட்டுமே. மதில்கள் எழுந்தபோது அவர்கள் காட்டுவதற்கு இருந்ததும் அதுவே.