64 பேருக்கு ஒரு அரசாங்கம்!

ஒரே ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடக்கூடிய அளவு மக்கள். அவர்களுக்கென்று தனி நீதிமன்றம், தனி நீதிபதி, தனி ஷெரிப், தனி பட்ஜெட். நம்ப முடிகிறதா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள லவிங் கவுண்டிதான் அது. கவுண்டி என்றால் கிட்டத்தட்ட மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வசிப்பவர்கள் 64 பேர். அந்நாட்டுக் கவுண்டிகளிலேயே குறைந்த எண்ணிக்கை இதுதான். நிலப்பரப்போ சுமார் 1,730 சதுர கிலோமீட்டர்!

வடக்கே நியூ மெக்சிகோ எல்லை. மேற்கு ஓரமாக பெக்கோஸ் ஆறு. ஆறு இருக்கிறதே தவிர, தண்ணீர் உப்பு கலந்தது. மழையும் குறைவு. அதனால் விவசாயம் எடுபடவில்லை. 1867-ல் பெக்கோஸ் ஆற்றையொட்டி மாடுகளை ஓட்டிச் சென்றபோது கோமாஞ்சே பழங்குடியினரின் தாக்குதலில் காயமடைந்து இறந்த ஆலிவர் லவிங் என்பவரின் பெயரைத்தான் இந்தக் கவுண்டிக்கு வைத்தார்கள்.

இதன் வரலாறு மோசடியில் தொடங்குகிறது. 1887-ல் வரைபடத்தில் எல்லை போட்டார்கள். 1890 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் வெறும் 3 பேர். ஆனால் 1893-ல் தனி நிர்வாகம் கேட்டுக் கொடுத்த மனுவில் 150 கையெழுத்துகள்! இதன் பின்னணியில் ஒரு பாசனக் கால்வாய் கம்பெனி இருந்தது. முறைகேடுகள் அம்பலமானதால் 1897-ல் மாநில சட்டசபை கவுண்டியைக் கலைத்து, பக்கத்து ரீவ்ஸ் கவுண்டியோடு இணைத்தது.

1920-களில் எண்ணெய் கிடைத்தது. ஆட்கள் வந்தார்கள். 1931-ல் மறுபடியும் தனி நிர்வாகம். டெக்சாஸின் 254 கவுண்டிகளில் இரண்டு முறை அமைக்கப்பட்டது இது ஒன்றுதான். 1935-ல் தலைநகர் மென்டோனில் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. 1940-ல் மக்கள்தொகை 285. அதன்பின் இறங்குமுகம்தான். 1972-ல் பள்ளிக்கூடத்தையும் மூடி, பிள்ளைகளைப் பக்கத்துக் கவுண்டியின் விங்க் ஊருக்கு அனுப்பினார்கள்.

பள்ளி போனாலும் நீதிமன்றம் போகவில்லை. காரணம், சட்டம். மக்கள் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு கவுண்டி நீதிபதியும் நான்கு கமிஷனர்களும் வேண்டும். இவர்கள் கூடும் சபைக்குப் பெயர் கோர்ட் என்றாலும், முக்கிய வேலை பட்ஜெட், வரி, சாலை. 10,000 பேருக்குக் குறைவான கவுண்டிகளில் பொதுவாக ஷெரிப்பே வரி வசூலிப்பவர். அதாவது திருடனைப் பிடிப்பவரும் வரி வாங்குபவரும் ஒரே ஆள்! பெரிய குற்ற வழக்கு வந்தால் 12 ஜூரிகளை எங்கே தேடுவது என்பது இன்னொரு தலைவலி.

செலவுக்குப் பணம்? எண்ணெய்க் கிணறுகள் மீதான சொத்து வரி. அந்த வருமானத்தை யார் நிர்வகிப்பது என்பதை ஒரு சில ஓட்டுகளே முடிவு செய்துவிடும். 2006 வாக்கில் சுதந்திரவாதக் கொள்கை கொண்ட ஒரு குழுவினர் இங்கே குடியேறி நிர்வாகத்தைப் பிடிக்கத் திட்டமிட்டதும் அதனால்தான். அதிகாரிகள் எதிர்த்தார்கள், திட்டம் பலிக்கவில்லை.

1893-ல் எழுந்த அதே கேள்விதான் அப்போதும் எழுந்தது: உண்மையில் இந்த ஊர்க்காரர் யார்? பெரிய ஊரில் நாலு போலி ஓட்டு விழுந்தால் கரைந்துவிடும். இங்கே அதுவே அரசாங்கத்தை மாற்றிவிடும். ஜனநாயகத்துக்கு நீதிமன்றக் கட்டடம் மட்டும் போதாது, நேர்மையான வாக்காளர் பட்டியலும் வேண்டும் என்பதற்கு லவிங் கவுண்டி ஒரு நல்ல பாடம்.