ஐந்து அங்குலத் தண்ணீர்

குஸ்தாவ் மாலர் பியானோ வாசிப்பதை இரண்டு இசைத்தட்டுகளில் கேட்டிருக்கிறேன். ஒன்றில் அவர் கோபக்காரர். மற்றொன்றில் துக்கத்தை விழுங்கிக்கொண்டு பேசும் பெரிய மனிதர். வாசித்த நாள் ஒன்று, உருப்படியும் ஒன்று. பின் இது எப்படி? இந்தக் கேள்வியோடு கிளம்பிய நான் கடைசியில் ஒரு கண்ணாடிக் குழாய்த் தண்ணீரில் வந்து நின்றேன்.

1905 நவம்பர் 9-ஆம் தேதி, ஜெர்மனியில் லைப்சிக் நகரில், தம்முடைய ஐந்தாவது சிம்பனியின் முதல் பகுதியான இறுதி ஊர்வல நடையையும் வேறு மூன்று உருப்படிகளையும் மாலர் வாசித்தார். அவர் கை வாசிப்பு வேறெங்கும் பதிவாகவில்லை. பதிந்தவர்கள் ஃப்ரைபர்க் நகரத்து வெல்ட்டி கம்பெனியார். எட்வின் வெல்ட்டியும் கார்ல் போக்கிஷும் 1904-இல் வெளியிட்ட யந்திரம் அது. பதிந்தது ஒலியை அல்ல. துளையிட்ட காகிதச் சுருளை.

நம் ஹார்மோனியத் துருத்தி காற்றை ஊதுகிறது, இது உறிஞ்சுகிறது. சுருளின் துளை வழியே காற்று நுழைந்ததும் ஒரு வால்வு திறக்கிறது. குட்டித் துருத்தி ஒன்று சுருங்கிச் சுத்தியலை இழுக்கிறது. எப்போது தட்டுவது என்பது துளையிலேயே இருக்கிறது. அதனால்தான், ‘மூழ்கிய தேவாலயம்’ என்ற தம் உருப்படியில் அச்சுப் பிரதி சொல்லாத இடங்களில் டெபுஸி இரட்டிப்பு வேகத்தில் போனதைச் சுருள் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆனால் எவ்வளவு பலமாகத் தட்டுவது? காகிதத்தின் ஓரத் துளைகள் ‘கூட்டு’, ‘குறை’ என்று உத்தரவிடும், அவ்வளவுதான். எதிலிருந்து கூட்டுவது என்பது உறிஞ்சும் பலத்தைப் பொறுத்தது.

அதை அளக்கத்தான் அந்தக் குழாய். வளைந்த கண்ணாடியில் தண்ணீர். ஒரு முனை ரப்பர் குழாய் வழியே யந்திரத்தோடு சேரும், மறுமுனை திறந்திருக்கும். இரு பக்கத்துக்கும் எத்தனை அங்குல வித்தியாசம் என்று பார்க்கவேண்டும். மிக மெல்லிய ஸ்வரத்துக்குச் சுமார் 5 அங்குலம் போதும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் முழு அழுத்தமோ 400 அங்குலத்துக்கும் மேல்! அந்த 5 அங்குலம் சற்றே ஏறினால் முணுமுணுப்பு அதட்டலாகிவிடும். இறங்கினால் சில ஸ்வரங்கள் வாயே திறக்காது. பழுதுபார்ப்பவர் வெடித்த தோலையும் இற்றுப்போன ரப்பர் துணியையும் மாற்றி, ஓட்டைகளையெல்லாம் அடைத்து, சோதனைச் சுருளை ஓடவிட்டு, இம்மி இம்மியாகத் திருகைத் திருப்புகிறார். மாலர் 1911-லேயே காலமாகிவிட்டார். “இன்னும் கொஞ்சம் மெதுவாக” என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

கம்பெனியையாவது கேட்கலாமென்றால், பலத்தைப் பதிந்த முறையை அவர்கள் ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1944 நவம்பரில் விழுந்த குண்டுகளில் ஃப்ரைபர்க் தொழிற்சாலை அழிந்தது.

தண்ணீர் அளவு ஒன்றே காரணமென்று நான் சாதிக்கமாட்டேன். பியானோ வேறு, அறை வேறு. எனக்குப் பிடித்தவர் துக்கத்தை அடக்கிய மாலர்தான். தட்டின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பியானோவின் பெயர் இருந்தது, ஒலிப்பதிவு செய்த தேதி இருந்தது. எத்தனை அங்குலம் என்று மட்டும் போடவில்லை.