மணியத்தின் தூரிகையும் தம்புள்ளை வழியும்

1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடருக்குச் சித்திரம் தீட்டியவர் மணியம் (1924–1968). பழஞ்சிற்பங்களைப் பார்த்துப் பயின்ற கோடுகள் அவருடையவை. கொண்டையைக் கண்டதுமே குந்தவை யார், நந்தினி யார் என்று வாசகர் சொல்லிவிடுவர்.

அக்கதையில் வந்தியத்தேவன் நம் நாட்டுக்கும் வருகிறான். காட்டு வழியே தம்புள்ளையை அடைகிறான். அந்தத் தம்புள்ளை வழியாகத்தான், 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய நம் மூதாதையர், கோப்பித் தோட்டங்களை நாடி மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்கள் முகத்தை எந்த வார இதழிலும் நான் கண்டதில்லை.

அட்டனிலும் நுவரெலியாவிலும் தூரிகை பிடிக்கும் இளைஞர்கள், லயத்து முதியவர்களின் முகத்தையும் உடையையும் மணியத்தைப்போல் நேரிற் பார்த்து வரையவேண்டும். அந்த நெடுநடையை வரைய அவையே உதவும்.